கோடின்னா கோழி

மாரிக்கனி மகளோடு பேசுவதென்றால் தையல் மெஷினை மிதித்துக்கொண்டேதான் பேசுவாள். அருப்புக்கோட்டையில் அவர்கள் குடியிருந்தது ஜெயபாண்டி என்பவரின் வீட்டுப் பின்கட்டு. ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களின் அடுப்படி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு ஆயுசு" என்று குரல் வரும். அதனால் மெஷின் தடதடவென்று ஓடும்போது, அந்தச் சத்தத்துக்கு அடியில் குரலை நுழைத்து, காலடியில் உட்கார்ந்திருக்கும் தன்ஷிகாவிடம் மாரிக்கனி கொஞ்சுவாள். நூல் அறுந்து மெஷின் நின்றால் அவள் பேச்சும் நின்றுவிடும்.

அவள் கொஞ்சியது தமிழில் இல்லை. பரளச்சிக்குப் பக்கத்துக் காலனியில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் பேசுகிற பேச்சு அது. தெலுங்குதான், ஆனால் ஆந்திராக்காரன் கேட்டால் பாதி விளங்காது. தலைமுறை தலைமுறையாகக் கரிசல்காட்டில் கிடந்து, தமிழ் இழுப்பு ஏறி, அதற்கென்று ஒரு நடை வந்துவிட்டது. எழுத்து கிடையாது. தனியாகப் பேரும் கிடையாது. 'மன மாட்ட' என்பார்கள். நம்ம பேச்சு என்று அர்த்தம்.

அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. காடுகரையோடு இருப்பவர்கள் பேசினால் அது கௌரவம். காலனிக்காரர்கள் பேசினால் இழுப்பை வைத்தே, எந்தத் தெரு, என்ன ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மாரிக்கனி பள்ளிக்கூடம் போன காலத்தில், விளையாட்டு மும்முரத்தில் வா என்பதற்கு 'ரா, ரா' என்று தோழியைக் கூப்பிட்டுவிட்டு, வகுப்பே திரும்பிப் பார்த்த நாளில் வாயை மூடக் கற்றுக்கொண்டாள். தமிழ் அவளுக்கு நன்றாக வரும். கடைக்கு, பஸ்ஸுக்கு, ஆபீசுக்கு எல்லாம் தமிழ்தான். பிள்ளையைத் தொட்டுத் தூக்கினால் மட்டும் அது வாய்க்கு வராது.

அவள் புருஷன் விஜயபாண்டி சொந்தமாக ஒரு குட்டி லாரி வைத்து லோடு அடிக்கிறவன். அவனும் அதே சனம்தான். ஆனால் அவன் அப்பா மில் வேலைக்குப் போன நாளிலேயே, வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று நிறுத்திவிட்டார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வசவு வார்த்தைகள் மட்டும். வீடு பார்க்க வந்த அன்று ஜெயபாண்டி, "தம்பி, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கேட்டது ஊரை அல்ல என்று அவனுக்குத் தெரியும். "பரளச்சிப் பக்கம்ணே" என்று ஊரைச் சொல்லிச் சிரித்துவைத்தான். பேரில் பாண்டி இருந்தது. நம்ம ஆளுகதான் என்று அவர் தானாக நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றையிலிருந்து அந்தச் சாவி மாரிக்கனியின் இடுப்பில் கனத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரம்மா மாரீஸ்வரி நல்ல மனுசி. நரிக்குடிப் பக்கம் நிலம் வைத்திருந்த சம்சாரிக் குடும்பத்தில் பிறந்தவள். இரண்டு பையன்களும் வெளியூரில் இருந்ததால் தன்ஷிகாவை இறக்கிவிடவே மனசு வராது அவளுக்கு. காலையில் இட்லியைப் பிய்த்து ஊட்டுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள். "இதென்ன, வாயே தொறக்க மாட்டேங்கிறா? என் மகன் இந்த வயசுல ஊரையே கூட்டுவானே" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

அன்றையிலிருந்து மாரிக்கனி பிள்ளையின் வாயையே கவனிக்க ஆரம்பித்தாள். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியாயிற்று. தண்ணீருக்கு 'நீ' என்பாள், அம்மாவைக் கூப்பிட 'ரா' என்பாள். இன்னும் சில சத்தங்கள், தாய்க்கு மட்டும் விளங்குவது. அங்கன்வாடி டீச்சரும் "எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றார். டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். விஜயபாண்டி மறைக்காமல், வீட்டில் இவள் வேறொரு பேச்சுப் பேசுவதைச் சொன்னான்.

"அதாம்மா காரணம்" என்றார் டாக்டர், மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ரெண்டு பாஷையைப் போட்டுக் குழப்புனா பிள்ளை எப்படிப் பேசும்? ஒண்ணை நிப்பாட்டுங்க. தமிழ் மட்டும் பேசுங்க. எல்லாம் சரியாப் போகும்."

வீட்டுக்கு வந்ததும் விஜயபாண்டி, "கேட்டேல்ல? இன்னையோட அந்தப் பேச்சை மூட்டை கட்டிரு. அதனால நமக்கு என்னைக்காச்சும் நல்லது நடந்திருக்கா?" என்றான். கோபத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் பயம்.

மாரிக்கனி நிறுத்தினாள். ஆனால் நிறுத்திய இடத்தில் வேறொன்று வந்து உட்காரவில்லை. "செல்லம், இங்க வா. இது என்ன? இது பூனை" என்று பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் சொல்வாள். அவள் குரல் அவளுக்கே அங்கன்வாடி டீச்சர் குரல்மாதிரி கேட்டது. பிள்ளை அவள் வாயையே உற்றுப் பார்க்கும். பார்த்துப் பார்த்துச் சலித்து, நூல்கண்டை உருட்டப் போய்விடும். குளிப்பாட்டும்போது, தூங்கவைக்கும்போது, விழுந்து எழுந்து அழும்போது எல்லாம் தொண்டைவரைக்கும் ஏறிய சொல்லை மாரிக்கனி விழுங்கினாள். கடைசியில் பேசுவதே குறைந்துபோயிற்று. மெஷின் மட்டும் ஓடியது.

மழை நின்ற ஒரு நாள் கவனித்தாள்: தன்ஷிகா 'ரா' என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. பசித்தால் வந்து சேலையைப் பிடித்து இழுக்கிறாள், அவ்வளவுதான். 'நீ'யும் இல்லை. குடத்தைக் காட்டுகிறாள்.

அன்று மாரிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. இருந்ததும் போய்விட்டதே என்று தட்டை அப்படியே வைத்துவிட்டாள். ஊரிலிருந்து அவள் அம்மா வெள்ளைத்தாய் போன் போட்டாள். மாரிக்கனி கொல்லைப்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் மெதுவாகப் பேசினாள். "பிள்ளைகிட்ட போனைக் குடு" என்றாள் அம்மா. கொடுத்தாள். அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் கொஞ்சித் தீர்த்தாள். தன்ஷிகா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்ணில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏதோ காலியான டப்பாவை வைப்பதுபோல.

"தப்பு எம்மேலதான் மாமா" என்று புருஷனிடம் அழுதாள். "பொறந்ததுலேருந்து ஒளிச்சு ஒளிச்சுப் பேசுனேன். மெஷின் சத்தத்துல பேசுனா பிள்ளைக்கு என்ன வெளங்கும்? இப்ப அதையும் புடுங்கிட்டேன்."

"சும்மா இரு. காளியாத்தா கைவிட மாட்டா" என்றான் அவன். ஆனால் லோடு ஏற்றப் போன இடத்தில், மற்றவர்களுடைய பிள்ளைகள் போனில் 'அப்பா எப்ப வாரீக?' என்று கேட்பதைக் கேட்டுக் கேட்டு, அவனும் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்திருந்தான்.

அங்கன்வாடிக்கு வந்த அரசு டாக்டர்தான் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சிறுபிள்ளைகளுக்குப் பேச்சு, காது, மூளை வளர்ச்சி எல்லாம் பார்க்கத் தனி இடம் இருந்தது. போக வேண்டிய நாளில் விஜயபாண்டிக்குத் தூத்துக்குடி லோடு. "நான் வாரேன் மாரிக்கனி. ஒத்தைப் பொம்பளையா எப்படிப் போவ?" என்று மாரீஸ்வரி கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க தன்ஷிகா அவள் மடியில்தான். பாலவநத்தம் தாண்டும்போது பிள்ளை தூங்கிப்போயிற்று. "சாமிக்கு முடி எறக்குறேன்னு நேந்திருக்கேன்" என்று மாரீஸ்வரி காதோடு சொன்னாள். இவ்வளவு பிரியத்தையும் ஏமாற்றி வாங்குகிறோமோ என்று மாரிக்கனிக்கு உறுத்தியது.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் பேர் உதயகுமார். சின்ன வயசு, பொறுமையான ஆள். தரையில் பாய் விரித்து, படங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல என்ன பாஷைம்மா பேசுவீங்க?"

மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரியைப் பார்க்காமல் பார்த்தாள். "தமிழ்தான் சார்."

அவர் குறித்துக்கொண்டார். தன்ஷிகாவைப் பார்த்து, "பாப்பா, பூனை எங்க இருக்கு? காட்டுங்க" என்றார். பிள்ளை அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தது. "ஆடு எங்க? நாய் எங்க?" ஒன்றுக்கும் அசைவில்லை. படங்களை மாற்றிப் போட்டார். அப்போது தன்ஷிகா தானாகக் குனிந்து ஒரு படத்தின்மேல் விரலை ஊன்றினாள். கொண்டை சிவந்த கோழி. மாரிக்கனியை நிமிர்ந்து பார்த்து, "ஓதி" என்றாள்.

எத்தனையோ நாளுக்கு அப்புறம் வந்த சொல். மாரிக்கனிக்கு விளங்கிவிட்டது. கோடி என்று சொல்கிறாள். அவர்கள் பேச்சில் கோழிக்குக் கோடி என்று பேர். எவ்வளவு நாளாக உள்ளே வைத்திருந்தாளோ!

உதயகுமாருக்கு அது வெறும் சத்தம். சிறிது நேரம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அம்மா, பயப்பட வேண்டாம். ஆனா வார்த்தைன்னு எதுவும் வரல. நாம சொல்றதும் வெளங்குற மாதிரித் தெரியல. மூளை வளர்ச்சிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுறேன். மதுரைல எடுக்கணும்."

"ஆத்தி, என் தாயி!" என்று மாரீஸ்வரி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பிள்ளை சரியாகத்தான் சொன்னது. சொன்னது சரி என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் மாரிக்கனிதான். அதைச் சொன்னால் வீடு போகும். மாரீஸ்வரி அக்காவின் முகம் மாறும். தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், விளங்காத பிள்ளை என்று எழுதிவிடுவார்கள். உதயகுமார் பேனாவைத் திறந்தார்.

"சார், அது கோழிதான்."

"என்னம்மா?"

"பிள்ளை கோழின்னுதான் சொன்னா. எங்க பேச்சுல கோடின்னா கோழி. அவளுக்குத் தமிழ் தெரியாது சார். நான் சரியாச் சொல்லிக் குடுக்கல. எங்க வீட்டுப் பேச்சு வேற."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பாயில் இறங்கி மண்டி போட்டாள். மெஷின் சத்தம் இல்லாமல், குழாய்ச் சத்தம் இல்லாமல், முழுக் குரலில் அவள் அந்தப் பேச்சைப் பேசியது பிறந்த வீட்டை விட்டு வந்தபின் அதுதான் முதல் தடவை.

"தன்ஷி, சூடு! பில்லி ஏட?" பாரு, பூனை எங்கே என்று கேட்டாள்.

பிள்ளையின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. அம்மாவின் வாயைப் பார்த்தது. விரல் நேராகப் பூனையின்மேல் போய் நின்றது.

"மேக ஏட?" தன்ஷிகா ஆட்டைக் காட்டினாள். "குக்க?" நாயைக் காட்டி, கூடவே குரைத்தும் காட்டினாள். "நீள்ளு?" கிணற்றுப் படத்தைத் தொட்டு, "நீ" என்றாள். மாரிக்கனி கண்ணீரைத் துடைக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

உதயகுமார் முன்னே எழுதியதை அடித்தார். பிறகு ஒன்றைக் கவனித்தவராக, "அம்மா, ஒரு நிமிஷம். அவளுக்குப் பின்னால போய் அதே மாதிரிக் கேளுங்க" என்றார். மாரிக்கனி பின்னால் போய், "தன்ஷி, கோடி ஏட?" என்றாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டாள். பிள்ளை நாய்ப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"உங்க வாயைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறா" என்றார் உதயகுமார். "மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காதைப் பாப்போம் மொதல்ல."

பார்த்தார்கள். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் சளித்தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றிருந்தது. பிறவிச் செவிடு இல்லை. தண்ணீருக்கு அடியில் மூழ்கி இருந்து கேட்பதுபோல இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறது. மருந்தில் வடியலாம், இல்லாவிட்டால் சின்ன ஆப்பரேஷன் என்றார் காது டாக்டரம்மா.

"ரெண்டு பாஷை பேசுனதாலயா டாக்டர் இப்படி?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"யாரு சொன்னா? ரெண்டு என்ன, மூணு பாஷை பேசுற வீட்டுலயும் பிள்ளைக பேசத்தான் செய்யுது. உங்களுக்கு எது தாராளமா வருதோ அதுல பேசுங்க. மொகத்துக்கு நேரா, சத்தமாப் பேசுங்க. நிப்பாட்டுனதுதாம்மா தப்பு."

திரும்பும் பஸ்ஸில் மாரீஸ்வரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிள்ளையை மடிக்குக் கேட்கவில்லை. தன்ஷிகா தானாகக் கையை நீட்டியபோது, வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டை வரும்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீகளாக்கா?"

அருப்புக்கோட்டையில் பஸ் நின்றதும் மாரீஸ்வரி முதல் ஆளாக இறங்கி நடந்தாள்.

மருந்துக்குத் தண்ணீர் வடியவில்லை. மதுரையில் ஆப்பரேஷன் முடிந்து வந்த கையோடு, ஜெயபாண்டி கூப்பிட்டனுப்பினார். பெரிய மகன் குடும்பத்தோடு வரப்போகிறான், பின்கட்டு வேண்டும் என்றார். பையன் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். விஜயபாண்டி வாய் திறக்கப் போனான். மாரிக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாமான் ஏற்றுகிற அன்று மாரீஸ்வரி கேட் பக்கம் வந்து நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்ல மாரிக்கனி. அவுகதான்..." என்று இழுத்தாள். அவள் சொன்னது பாதி நிசம் என்று மாரிக்கனிக்குப் பட்டது. வண்டிக்குள் அம்மா மடியில் இருந்த தன்ஷிகா, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "ரா! ரா!" என்று மாரீஸ்வரியைக் கூப்பிட்டாள். காது திறந்தபின் வந்த குரல், தெருமுனை வரைக்கும் கேட்டது. மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பந்தல்குடி ரோட்டுப் பக்கம் வீடு கிடைக்க அலைய வேண்டியிருந்தது. இந்தத் தடவை விஜயபாண்டி ஒளிக்கவில்லை. "நாங்க இன்ன ஆளுக, வீட்ல இந்தப் பேச்சுத்தான் பேசுவோம், சம்மதமா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டான். சிலர் சிரித்து மழுப்பினார்கள், சிலர் பூட்டைத் திறக்கவே இல்லை. கடைசியில், மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஒருவர், "என்ன பேச்சும் பேசுங்க, குழாய்த் தண்ணியை மட்டும் வீணாக்காதீக" என்று கொடுத்தார்.

அங்கே விஜயபாண்டியும் அந்தப் பேச்சைப் படிக்க ஆரம்பித்தான். அப்பனும் பேசினால்தான் பிள்ளைக்கு வேகமாக வரும் என்று உதயகுமார் சொல்லியிருந்தார். அப்பா வீட்டில் மறுக்கப்பட்ட பேச்சைப் பேச, இந்த வயதில் நாக்குச் சுளுக்கியது. மேக என்றால் மேகம் என்று நினைத்து, வானத்தைக் காட்டி "மேக" என்றான். தன்ஷிகா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற ஆட்டைக் காட்டி, "மேக!" என்று அதட்டினாள். ஆடு ஒன்றும் தெரியாததுபோல் அசைபோட்டது. மாரிக்கனி சிரித்த சிரிப்பில் ஊசி கையில் ஏறிவிட்டது.

உதயகுமார் ஒரு நாள் போனில் கூப்பிட்டார். காரியாபட்டிப் பக்கத்திலிருந்து இன்னொரு பிள்ளை வந்திருக்கிறது, அந்த வீட்டிலும் இதே பேச்சுதான், தாய் சொல்லக் கூச்சப்படுகிறாள், படத்துக்கெல்லாம் நீங்கள் பேர் சொல்லிக் குரலைப் பதிந்து அனுப்ப முடியுமா என்றார். மாரிக்கனிக்குப் பகீரென்றது. தன் குரல் ஊர்பேர் தெரியாத போன்களில் சுற்றுவதா? இரண்டு நாள் தள்ளிப் போட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டு, பூனை, நாய், கோழி, மழை, சோறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தனக்குச் சந்தேகம் வந்த சொல்லை அம்மாவிடம் கேட்டாள். ஒரே வீட்டில் மாமியார் ஒரு பேரும் மருமகள் ஒரு பேரும் சொன்ன சாமான்கள்கூட இருந்தன. எது சரி என்று வெள்ளைத்தாய் அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்து வாதாடியது போனில் கேட்டது. அனுப்பியபின் கொஞ்ச நாள், யாராவது போன் செய்து திட்டுவார்களோ என்று பயந்துகொண்டேயிருந்தாள். காரியாபட்டித் தாய் ஒரு நாள் பேசினாள். திட்டவில்லை. "அக்கா, நீங்க சொன்னதுல ரெண்டு மூணு எங்க பக்கம் வேற மாதிரி சொல்லுவோம். நான் பேசி அனுப்பட்டுமா?" என்றாள், அதே பேச்சில்.

ஆனாலும் பயம் மாரிக்கனியை முழுசாக விட்டுப் போகவில்லை. சளி பிடித்தால் காதில் மறுபடி தண்ணீர் கோக்கலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஐப்பசி மழை பிடித்ததும் தன்ஷிகாவுக்கு மூக்கு ஒழுகியது. மாரிக்கனிக்குக் கை வேலை ஓடவில்லை. கூப்பிட்டால் பிள்ளை சட்டென்று திரும்புகிறாளா, தாமதிக்கிறாளா என்றே மனசு கணக்குப் போட்டது. பிள்ளை டி.வி. சத்தத்தைக் கூட்டினால், காது கேட்கவில்லையோ என்று பயந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெஞ்சில் எங்கே உட்காரவைப்பார்களோ, 'ரா' என்று கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் என்ன செய்யுமோ என்று அதற்குள் அங்கே போய்விட்டது நினைப்பு.

அன்று சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. தன்ஷிகா முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணித்துண்டுகளை அடுக்கி, வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி சத்தமில்லாமல் எழுந்து, அவளுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக்கூட அசைத்தும் அசைக்காமல், பால் குடிக்கிறாயா என்று காற்றாகக் கேட்டாள்.

"பாலு தாகுதாவா?"

பிள்ளை திரும்பவில்லை. துணித்துண்டு ஒன்று சரிந்தது. அதை எடுத்து மறுபடி வைத்தது. மாரிக்கனி மறுபடி கேட்கவில்லை. சுவரைப் பிடித்தாள்.

"ஒத்து" என்றாள் தன்ஷிகா, அடுக்குவதை நிறுத்தாமலே. "வேண்டாம்னு சொன்னேன்ல?"

முன்பாதி அந்தப் பேச்சில், பின்பாதி தமிழில். முதுகைக் காட்டியபடியே பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது; வேண்டாம் என்று முன்னால் எப்போது சொன்னாள் என்று மாரிக்கனி யோசிக்கவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து, ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டாள்.